வெயில் யாருக்கு உறைக்கிறது?

சித்திரை பிறந்ததும் நம் நாளிதழ்களில் ஒரு விளையாட்டுச் செய்தி, விளையாட்டுப் பக்கத்தைத் தாண்டி முதல் பக்கத்துக்கு வந்துவிடும். ‘வேலூரில் சதமடித்த வெயில்’, ‘பத்து ஊர்களில் சதம்’, ‘கரூர் பரமத்தி முதலிடம்’. ஆட்டக்காரர் மட்டையை உயர்த்திக் காட்டுவதுபோலச் சூரியனும் கதிரை உயர்த்திக் காட்டுகிறது போலும்! சதம் என்பது கைதட்டலுக்கு உரிய சொல். உச்சி வெயிலில் சாரத்தின் மீது நின்று செங்கல் அடுக்கும் கொத்தனார் ஒருவர் இந்தத் தலைப்பை எழுதியிருக்க மாட்டார்.

இந்தச் சதம் ஃபாரன்ஹீட் கணக்கு. இந்திய வானிலை ஆய்வுத் துறை செல்சியஸுக்கு மாறிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன, நாளிதழ்கள் மாறவில்லை. இதைப் பழமைப்பற்று என்று கேலி செய்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் நாம் இன்றும் 98.6 என்றும் 100 என்றும்தான் பேசுகிறோம். நூறு என்றதும் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் கை நினைவுக்கு வருகிறது. நூறு டிகிரி ஃபாரன்ஹீட் என்பது 37.8 டிகிரி செல்சியஸ். மனிதத் தோலின் வெப்பநிலையோ ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ். சுற்றியுள்ள காற்று அதைவிடச் சூடாகிவிட்டால், உடல் தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்க இயலாது. காற்றிடமிருந்து வாங்கத் தொடங்கும். அதற்குப் பிறகு வியர்வை ஆவியாவது ஒன்றே வழி. ஆகவே, நாளிதழ்களின் நூறு உடலுக்கு நெருக்கமான எண்தான். எண் சரி, உவமைதான் பிழை.

வெயிலை எந்தச் சொல்லால் சொன்னால் என்ன, வெயில் வெயில்தானே என்று கேட்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் என் விடை இது: ஒரு சொல் அரசாணைக்குள் நுழைந்துவிட்டால் அது பணமாகிறது. யாரைக் கணக்கில் சேர்ப்பது, யாருக்கு நிவாரணம் தருவது, எந்த நாளில் வேலையை நிறுத்துவது என்பவை எல்லாம் அந்தச் சொல்லின் வரையறையைப் பொறுத்து அமைகின்றன. வெப்பத்துக்கு நம் நிர்வாகம் கையாளும் சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்து எடுக்கப்பட்டவை. எனவே, ஆங்கிலத்திலிருந்தே தொடங்குவோம்.

கடும் வெப்பத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் அடைமொழிகளுக்குப் பஞ்சமில்லை. ஸ்கார்ச்சிங், சியரிங், பிளிஸ்டரிங், சிஸ்லிங், ஸ்வெல்ட்டரிங், சல்ட்ரி, டாரிட் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றுள் ஸ்கார்ச்சிங் கருக்குவது. பிளிஸ்டரிங் கொப்புளம் எழச் செய்வது. சிஸ்லிங் வாணலியின் ஓசை. ஸ்வெல்ட்டரிங் என்ற சொல்லின் வரலாறு வேறு வகை. பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்வெல்ட்டன்’ என்றால் சாதல். வெப்பத்தால் சோர்ந்து விழுதல், மயங்குதல் என்று பொருள் மாறி, இன்று பயண விளம்பரத்தில்கூட இடம்பெறும் சாதாரண அடைமொழியாகிவிட்டது. அதன் உடன்பிறப்பு சல்ட்ரி. காற்றே அசையாத ஈர வெப்பத்தைக் குறித்த அச்சொல், இப்போது பெரும்பாலும் திரைப்பட நடிகையரை வருணிக்கும் இடத்தில் குடியிருக்கிறது. சாவில் தொடங்கிய ஒரு சொற்குடும்பம் சினிமாப் பக்கத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. டாரிட் என்பது இலத்தீனில் வறுத்தல், உலர்த்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. பூமியின் நடுப்பகுதி மனிதர் வாழ இயலாத அளவுக்கு வறண்ட மண்டலம் என்பது அரிஸ்டாட்டில் காலத்துக் கருத்து. வாழவே முடியாது என்று அவர்கள் எழுதிவைத்த அந்த மண்டலத்தில்தான் நம் முன்னோர் நெல் விளைத்துக்கொண்டிருந்தார்கள்.

என் துறையும் இந்தச் சொற்களைத் தாராளமாகக் கடன் வாங்கியிருக்கிறது. தேவை மிகுந்து விலைவாசி ஏறினால் பொருளாதாரம் ‘ஓவர்ஹீட்’ ஆகிவிட்டது என்போம். வட்டிக்காக நாடு விட்டு நாடு பாயும் முதலீடு ‘ஹாட் மணி’. 2008-இல் வங்கிகள் சரிந்தபோது அது ‘மெல்ட்டவுன்’. கவனித்தால் ஒன்று புலப்படும். பொருளியலின் வெப்பச் சொற்கள் பெரும்பாலும் செழிப்பின் மிகுதியைக் குறிப்பவை. உண்மையான வெப்பமோ செழிப்பைக் குறைக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வெப்பத்தால் 1995-இல் இந்தியா தன் வேலை நேரத்தில் 4.3 விழுக்காட்டை இழந்தது. 2030-இல் அந்த இழப்பு 5.8 விழுக்காடாக இருக்கும். ஏறத்தாழ 3.4 கோடி முழுநேர வேலைகளுக்கு ஈடான இழப்பு அது. வேளாண்மையும் கட்டுமானமும்தான் அதிகம் அடிபடுகின்றன. இதற்கு எங்கள் பாடநூல்களில் ஒரு சூடான பெயரும் இல்லை.

இன்னொரு போக்கும் உண்டு. புவி வெப்பமடைதலைக் குறிக்க முதலில் ‘வார்மிங்’ என்றார்கள். கதகதப்பு என்ற இதமான பொருள் அதில் ஒளிந்திருப்பதால் 2019-இல் கார்டியன் நாளிதழ் ‘ஹீட்டிங்’ என்ற சொல்லை விரும்பத் தொடங்கியது. 2023 ஜூலையில் ஐ.நா. பொதுச் செயலாளர் அந்தோனியோ குட்டெரெஸ் ‘பாய்லிங்’ காலம் வந்துவிட்டது என்றார். கொதித்தலுக்கு அப்பால் இனி எந்தச் சொல் இருக்கிறது? அவருடைய பதற்றம் நியாயமானது. ஆயினும், நோட்டுகளை அச்சடித்துக்கொண்டே போனால் பணத்தின் மதிப்பு குறைவதுபோல, சொல்லின் சூட்டைக் கூட்டிக்கொண்டே போனால் அதன் வாங்கும் சக்தி குறைகிறது. நம் நாளிதழ்களும் இதே பாதையில் செல்கின்றன. கொளுத்தும் வெயில், சுட்டெரிக்கும் வெயில், வறுத்தெடுக்கும் வெயில் என்று ஏப்ரலிலேயே எல்லாச் சொற்களையும் செலவழித்துவிட்டு, கத்திரி தொடங்கும் மே மாதத்தில் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கின்றன.

2024 ஏப்ரலில் இது உச்சத்தைத் தொட்டது. மக்களவைத் தேர்தலுக்குத் தமிழ்நாடு ஏப்ரல் 19 அன்று வாக்களித்தது. ‘அனல் பறந்த பிரசாரம் ஓய்ந்தது’ என்ற தலைப்பும் ‘அனல் கக்கும் வெயில்’ என்ற தலைப்பும் அந்த வாரத்தில் அருகருகே வந்தன. மேடைப் பேச்சின் அனலில் யாரும் இறப்பதில்லை. அதே தேர்தலின் இறுதிக் கட்ட நாளான ஜூன் 1 அன்று, உத்தரப் பிரதேசத்தில் மட்டும் தேர்தல் பணியிலிருந்த 33 பேர் வெப்பத்தால் இறந்ததாக அம்மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி தெரிவித்தார்.

தமிழிலோ வெப்பத்தை வகைபிரித்துச் சொல்லும் சொற்கள் நிறையவே உண்டு. இவை மிகைப்படுத்துவதற்காக ஏற்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு தனி நிலையைக் குறிப்பது. வெயில் என்பது நேராக விழும் கதிர். தரையும் சுவரும் பகலில் குடித்த சூட்டை மாலையில் திருப்பித் தருவது வெக்கை. அடுப்பருகிலோ பாறையருகிலோ முகத்தில் வந்து மோதுவது காங்கை. வறண்டு வீசுவது அனல்காற்று. காற்றில் ஈரம் நிறைந்து, வியர்வை உலராமல் மூச்சுமுட்ட வைப்பது புழுக்கம். புழுங்கல் அரிசியில் உள்ளதும் இதே புழுங்கல்தான். ஆவியில் வெந்த நிலை. அறிவியலார் ‘வெட் பல்ப்’ என்னும் ஈரக்குமிழ் வெப்பநிலையால் அளப்பது ஏறக்குறைய இதைத்தான். வெப்பமும் ஈரமும் சேர்ந்து அந்த அளவு 35 டிகிரியை எட்டினால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் உடல்நலமுள்ள மனிதர்கூடச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க இயலாது என்பது கோட்பாட்டு எல்லை. வெயிலில் உழைப்பவருக்கு அந்த எல்லை இன்னும் கீழே இருக்கிறது.

இத்தனை சொற்கள் இருக்க, நம் வானிலை அறிக்கைகள் புழுக்கத்தை எப்படிச் சொல்கின்றன? ‘அதிக வெப்பநிலையும் அதிக ஈரப்பதமும் இருக்கக்கூடும் என்பதால் ஓரிரு இடங்களில் அசௌகரியம் ஏற்படலாம்.’ ஆங்கில அறிக்கையில் உள்ள ‘டிஸ்கம்ஃபர்ட்’ என்ற சொல்லுக்கு இப்படியொரு பெயர்ப்பு. ரயில் தாமதமானால் ஒலிபெருக்கியில் கேட்பதும் இந்த அசௌகரியம்தான். எண்ணூரில் சுமை இறக்குபவருக்கும், தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாருபவருக்கும் ரயில் ஒரு மணி நேரம் தாமதமானது போன்ற ஒன்று நேரப்போகிறது என்று அரசு எச்சரிக்கிறது. ‘கடும் புழுக்கம்’ என்று இரண்டே சொற்களில் எழுதினால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 13-ஆம் பிரிவில் தொழிலாளிக்கு நியாயமான அளவு வசதி தரும் வெப்பநிலை வேண்டும் என்று சொன்னதும் இதே மனப்பாங்கில்தான். வெப்பத்தை வசதி, வசதியின்மை என்று பார்க்கும் கண் அது. அந்தக் கண்ணுக்குக் கூரையில்லாத வயல் தெரியவே இல்லை.

இனி ‘வெப்ப அலை’க்கு வருவோம். ‘ஹீட் வேவ்’ என்பதன் நேர்ப்பெயர்ப்பு இது. அலை என்றால் நமக்கு வந்து போவது, நனைப்பது, குளிர்விப்பது. போகட்டும், சொல் நிலைத்துவிட்டது. அதன் வரையறை என்ன? சமவெளியில் ஓரிடத்தின் அதிகபட்ச வெப்பநிலை குறைந்தது 40 டிகிரியாகவும், கடலோரத்தில் 37 ஆகவும், மலைப்பகுதியில் 30 ஆகவும் இருக்க வேண்டும். இது முதல் வாசல். அதைக் கடந்த பின், அந்த நாளுக்குரிய இயல்பைவிட 4.5 டிகிரி அல்லது அதற்கு மேல் விலகியிருக்க வேண்டும். சமவெளியில் 45 டிகிரியைத் தொட்டுவிட்டால் விலகலைப் பார்க்க வேண்டியதில்லை. அதுவும் ஒரு வானிலை உட்கோட்டத்தில் குறைந்தது இரண்டு நிலையங்களில், இரண்டு நாள்கள் தொடர்ந்து பதிவாக வேண்டும். தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் அனைத்தும் சேர்ந்து ஒரே உட்கோட்டம்.

2024 ஏப்ரல் இறுதியில் உதகமண்டலத்தில் 29 டிகிரி பதிவானது. 1986-இல் பதிவான 28.5 டிகிரியை முறியடித்த அளவு. இயல்பைவிட ஏறத்தாழ 5 டிகிரி கூடுதல். வரலாறு காணாத வெப்பம் என்று எல்லா நாளிதழ்களும் எழுதின. வரையறையின்படி பார்த்தால், 30 டிகிரி வாசலை அது தொடவே இல்லை. உதகையில் மனித நினைவில் இல்லாத வெப்பம் வந்தாலும் அது வெப்ப அலை ஆகாது. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊருக்கும், அதில் பாதி உயரமே உள்ள மலைகளுக்கும் ஒரே வாசலை வைத்ததன் விளைவு இது.

அந்தப் பாதி உயர மலைகளுள் ஒன்று கொல்லிமலை. நாமக்கல் மாவட்டத்தில், பெரும்பாலும் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில், பதினான்கு நாடுகளாகப் பகுக்கப்பட்ட மலை. நாடு என்றால் இங்கே சிற்றூர்களின் தொகுதி. சுற்றுலா வருவோர் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஆகாய கங்கை அருவியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவர். அண்மையில் என் பழைய மாணவர் ஒருவருடன் அங்குள்ள பெரக்கரை நாட்டுக்குச் சென்றிருந்தேன். மிளகுக் கொடி படர்ந்த மர நிழலில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மூதாட்டி சொன்னார்: “முன்னெல்லாம் பங்குனியிலகூடக் காலையில திண்ணையில உக்காந்து வெயில் காய்வோங்க. இப்ப அந்த நேரத்துக்கே உறைக்குதுங்க.”

ஒரு தலைமுறையின் தட்பவெப்ப மாற்றம் இரண்டு வினைச்சொற்களில் அடங்கிவிட்டது. காய்வது இன்பம், குளிர்ந்த மலையில் வெயில் ஒரு கொடை. உறைப்பது வலி. தமிழில் மிளகாய் உறைக்கும், வெயிலும் உறைக்கும், எவ்வளவு சொன்னாலும் சிலருக்கு உறைக்காது. நாக்குக்கும் தோலுக்கும் மனச்சாட்சிக்கும் பொதுவான இப்படியொரு வினையை நான் ஆங்கிலத்தில் கண்டதில்லை.

அந்த மூதாட்டியின் சொல்லை அரசின் அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவிதி. அடிவாரத்தில் 40 டிகிரி காயும் நாளில் மலைமீது 33 டிகிரியை எதிர்பார்க்கலாம். ஆகவே, கோடையில் 30 டிகிரி வாசல் இங்கே எளிதில் திறந்துவிடும். சிக்கல் இரண்டாம் வாசலில்தான். இயல்பிலிருந்து எவ்வளவு விலகியது என்று சொல்ல, முதலில் இயல்பு தெரிந்திருக்க வேண்டும். வானிலையியலில் இயல்பு என்பது முப்பது ஆண்டுச் சராசரி. பதினான்கு நாடுகளிலும் முப்பதாண்டுப் பதிவுள்ள நிலையங்கள் கிடையாது. பதிவில்லாத ஊருக்கு இயல்பு இல்லை. இயல்பில்லாத ஊருக்கு விலகலும் இல்லை. திண்ணையில் வெயில் காய்ந்த நினைவு மட்டுமே அங்குள்ள முப்பதாண்டுச் சராசரி.

குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்ற கருத்து சிலப்பதிகாரத்தில் உண்டு. பாலை என்று தனியே ஒரு நிலம் கிடையாது. இயல்பிலிருந்து விலகிய நிலமே பாலை. வானிலைத் துறையின் இரண்டாம் வாசல் சொல்வதும் இதுவே. வேறுபாடு, இளங்கோவடிகளின் வரையறையில் 30 டிகிரி என்ற முதல் வாசல் இல்லை. உதகைக்கு அதுவே பொருத்தம்.

வெயில் உறைப்பது பயிரையும் பொறுத்தது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த கொல்லிமலைச் சரிவுகளில் பெரும்பகுதி, சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளின் தேவைக்காக மரவள்ளிக்கு மாறியது, எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-கள் தொட்டு இந்த மாற்றத்தைக் கவனித்து வந்திருக்கிறது. மிளகுக்கும் காப்பிக்கும் மர நிழல் உண்டு. மரவள்ளிக்காட்டில் களையெடுப்பவருக்குத் தலைத்துணிதான் நிழல். கூலிக்குப் போகிறவர் வெயில் தாழட்டும் என்று காத்திருந்தால் அந்த நாளின் கூலி குறையும். இந்தத் தெரிவை நாள்தோறும் செய்பவரிடம் போய், பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே செல்ல வேண்டாம் என்று துண்டுப் பிரசுரம் கொடுக்கிறோம்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து 4 லட்சம் ரூபாய் வழங்க வழி பிறந்தது. வரவேற்க வேண்டிய முடிவு. அப்போது ஒன்றிய அரசின் பட்டியலில் இருந்தவை புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், ஆழிப்பேரலை, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், உறைபனியும் குளிரலையும் என 12 பேரிடர்கள். குளிரலைக்கு இடமுண்டு, வெப்ப அலைக்கு இல்லை. 2021–26 காலத்துக்கான 15-ஆவது நிதிக்குழுவும் பட்டியலை விரிவாக்கும் கோரிக்கையை ஏற்கவில்லை. பட்டியலில் இல்லாத பேரிடருக்கு ஒரு மாநிலம் தன் நிவாரண நிதியில் 10 விழுக்காடு வரைதான் செலவிடலாம். தமிழ்நாடு அந்தப் பத்து விழுக்காட்டுக்குள் நின்றுகொண்டுதான் இந்த உதவியை அறிவித்தது.

ஆனால், 4 லட்சம் கிடைக்க வேண்டுமானால் இறப்புக்குக் காரணம் வெப்பம் என்று ஒரு தாளில் எழுதப்பட வேண்டும். அங்கேதான் சொல் மீண்டும் குறுக்கே வருகிறது. உடலின் உள் வெப்பநிலை 40 டிகிரியை எட்டி, நினைவு தடுமாறும் நிலை வெப்பத்தாக்கு. அந்த நேரத்தில் அருகில் வெப்பமானியோடு ஒருவர் இருந்தால்தான் அது உறுதியாகும். வயலில் சுருண்டு விழுந்து, வழியிலேயே உயிர் பிரிந்தவருக்கு எழுதப்படும் சொல் பெரும்பாலும் ‘மாரடைப்பு’. அது பொய்யும் இல்லை. எல்லா இறப்பிலும் இறுதியில் இதயம் நின்றுதான் போகிறது. எழுபது வளைவுகளைக் கடந்து சமவெளிக்குக் கொண்டுவரப்படும் உடலில் வெப்பத்தாக்கின் அடையாளத்தைத் தேடுவது இன்னும் அரிது. நாட்டில் வெப்பத்தால் எத்தனை பேர் இறந்தனர் என்று குற்ற ஆவணக் காப்பகமும், நலவாழ்வுத் துறையும், வானிலைத் துறையும் தரும் எண்கள் ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபடுவதில் வியப்பில்லை.

இதற்கு மாற்று வழி ஒன்று ஏற்கெனவே நடைமுறையில் சோதிக்கப்பட்டிருக்கிறது. 2010 மே மாதத்தில் அகமதாபாதைக் கடும் வெப்பம் தாக்கியது. ஆய்வாளர்கள் சான்றிதழில் எழுதிய சொல்லைப் பார்க்கவில்லை. அந்த மாதத்தில் எக்காரணத்தாலும் நிகழ்ந்த மொத்த இறப்புகளை மற்ற ஆண்டுகளின் மே மாதத்தோடு ஒப்பிட்டார்கள். கூடுதலாக 1,344 இறப்புகள் தெரியவந்தன. அந்தப் பேரிழப்புக்குப் பின்னரே 2013-இல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. பின்னர் பல நகரங்கள் அதைப் பின்பற்றின. ஐரோப்பாவில் 2003-ஆம் ஆண்டுக் கோடையில் 70,000-க்கும் மேற்பட்டோர் இறந்தது தெரியவந்ததும் இதே கணக்கால்தான்.

தமிழ்நாட்டிலும் இதைச் செய்யலாம். ஒவ்வொரு கோடையிலும் வட்டம் வாரியாக மொத்த இறப்பு எண்ணிக்கையை, முந்தைய ஐந்தாண்டுகளின் அதே வாரத்தோடு ஒப்பிட்டு வெளியிட வேண்டும். மலைப்பகுதிக்கு உயரத்துக்கேற்ற தனித்தனி வாசல் வேண்டும் என்று மாநில அரசு வானிலைத் துறையிடம் கேட்க வேண்டும். தமிழ் அறிக்கையில் அசௌகரியத்தை எடுத்துவிட்டுப் புழுக்கம் என்று எழுதுவதற்கு யாருடைய ஒப்புதலும் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

மொத்த இறப்புக் கணக்குக்குப் புதிய நிலையங்களோ கருவிகளோ வேண்டியதில்லை. முப்பதாண்டு வெப்பப் பதிவு இல்லாத பெரக்கரை நாட்டுக்கும் முப்பதாண்டு இறப்புப் பதிவு இருக்கத்தான் வேண்டும். சிற்றூர்களில் அந்தப் பதிவேடு கிராம நிர்வாக அலுவலரின் பொறுப்பில் இருக்கிறது. ஏப்ரல், மே, ஜூன் மாதப் பக்கங்களைத் திறந்து கூட்டிப் பார்க்கச் சொல்லி மாவட்ட ஆட்சியர் ஒரு கடிதம் எழுதினால் போதும்.